அரைத்து வைத்த எண்கள்

நான்கு பெண்கள் என்னை வேண்டாமென்று சொன்ன கதையை ஒரு நாள் கேட் ரூமில் உட்கார்ந்து பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். மூலையில் லேப்டாப்பில் முகத்தைப் புதைத்திருந்த மேடம் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“நாலு பேராண்ணே, நாலு தடவையா?”

ரூமில் இருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை.

“ஒரே பொண்ணுதான் மேடம். நாலு வாட்டி.”

“அப்ப ஒண்ணு,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்ட ஆரம்பித்தார். சிரிக்கக்கூட இல்லை. மற்ற மூன்று பேரும் அவர் பங்குக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். என் காதல் வாழ்க்கையை ஒரே வார்த்தையில் முக்கால்வாசி குறைத்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

பேர் சொல்லி அவரை நான் கூப்பிட்டதே இல்லை. வயதில் என்னைவிடப் பத்து வருடம் சின்னவர், படிப்பில் என்னைவிட ஒரு மலை உயரம். நான் எட்டாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவன். அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். “எந்த வகுப்புன்னு எண்ணினா எட்டுதாண்ணே, ஒம்பது இல்ல,” என்றார். ஆறுதல் சொல்கிறாரா, கணக்குச் சொல்கிறாரா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு கோல்ட் ஸ்டோரேஜ். மீன், பட்டாணி, ஐஸ்கிரீம் எல்லாம் உள்ளே சொகுசாகக் குளிரில் இருக்கும். அவற்றைக் காவல் காக்கிற நான் வெளியே தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருப்பேன். எனக்குக் கொடுத்த யூனிஃபார்ம் எனக்கு முன்னால் இருந்தவருடையது. அவர் என்னைப்போல் இரண்டு மடங்கு. தூரத்திலிருந்து பார்த்தால் சட்டை மட்டும் தனியாக டூட்டி பார்ப்பதுபோல் இருக்கும்.

மேடத்தின் ஆபீஸ் அம்பத்தூரில். கேட்டில் யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்று பதிகிற கம்ப்யூட்டர் வேலையை எங்கள் கம்பெனி அவர்களிடம் கொடுத்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றி என் மேசையில் வைப்பார். தெற்கத்திக்காரர். வாய்க்கு வாய் அண்ணே போடுவார். அந்த அண்ணேக்காகவே நான் செவ்வாய்க்கிழமைகளில் ஷேவ் செய்துகொண்டு போன காலம் உண்டு.

எதையும் அவர் மொத்தமாக நம்ப மாட்டார். கேட்டுக்கு எதிரே நாய்கள் வரும். “அஞ்சாறு நாய் சுத்துது மேடம், பாத்து வண்டிய உடுங்க” என்று ஒரு முறை எச்சரித்தேன். இரண்டு வாரம் கழித்து, நான் சொன்னதையே மறந்துபோன பிறகு, வந்து சொன்னார்: “அண்ணே, மூணுதான். செவலை நாய் காம்பவுண்ட சுத்திப் பின்பக்கமா வந்து மறுபடி நிக்கிது. நீங்க அதையும் சேத்து எண்ணிட்டீங்க.” வேலை வெட்டி இல்லாத நானே நாய்களை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. அன்று முதல் அந்தச் செவலையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், என்னை ஏமாற்றிவிட்டதே என்று.

சூப்பர்வைசர் ஒரு தடவை அவரிடம், “லேபருங்க ஒரே கம்ப்ளெயின்ட் மேடம். இந்த வாரம் மட்டும் இருவது கம்ப்ளெயின்ட்” என்று அலுத்துக்கொண்டார். மேடம் கேட்டார்: “இருபது பேரா, ஒரே ஆளா?” சூப்பர்வைசர் யோசித்துவிட்டு, “ஒரே ஆளு. தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு தெனம் நாலு வாட்டி வந்து நிக்கறான்” என்றார். மேடம், “அப்ப அவன்ட்ட போய் உக்காந்து பேசுங்க” என்று விட்டுவிட்டார். இன்னொரு தடவை, ஒரே ஒரு நாள், எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு முறை கண் எரிகிறது என்றார்கள். அதற்கு மட்டும் நேராக மேனேஜர் ரூமுக்குப் போய், வேற வேற எட்டுப் பேர் சொல்றாங்க சார் என்று அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தார். மேனேஜர் சரி, பார்ப்போம் என்றார். பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

மேனேஜருக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்த மாதம் வேறு வேறு ஆட்கள் மொத்தம் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள்? தொழிலாளர் ஆபீஸில் கேட்பார்களாம். கேள்வி சின்னது. ஆனால் ஒருத்தன் ஒரு தடவை உள்ளே போனால் ஒரு வரி, வெளியே வந்தால் ஒரு வரி என்று கம்ப்யூட்டருக்குள் வரிகள் மலையாகக் கிடந்தன. மேனேஜர் பட்டனைத் தட்டினால் ஒரு வட்டம் சுற்றும். அவர் டீ குடித்து, போன் பேசி, என்னைக் கூப்பிட்டுத் திட்டிவிட்டுத் திரும்பினாலும் சுற்றிக்கொண்டிருக்கும்.

“இன்னாத்துக்கு மேடம் இப்டி மொக்க போடுது?” என்று கேட்டேன்.

“அவர் கேக்குறப்பதாண்ணே அது ஒவ்வொரு வரியா எடுக்குது. பேரு, அப்பா பேரு, ஊரு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அரைச்சு ஒரு நம்பராக்கும். இந்த நம்பர் முன்னாடி வந்துச்சா, புதுசான்னு பாக்கும். மறுபடி கேட்டா மறுபடியும் முதல்ல இருந்து அரைக்கும்.”

“ஆளு வந்து இலை முன்னால குந்தினப்புறம் இட்லிக்கு அரிசி ஊறப் போடற மாரி.”

அவர் முதல் தடவையாக லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “அதேதாண்ணே. அதத்தான் மாத்தப் போறேன். நீங்க கேட்ல ஒரு ஆளப் பதியிறப்பவே அரைச்சு, அந்த நம்பர அந்த வரி பக்கத்துலயே வச்சிரும். ஹேஷ்னு பேரு. கேள்வி வந்தா அரைச்ச நம்பர மட்டும் பாத்தாப் போதும்.”

“மாவப் பாத்து இன்னா அரிசின்னு சொல்லுமா மேடம்?”

“சொல்லாது. யாருன்னு அதுக்குத் தெரியாது. ஒரே ஆளா, வேற ஆளான்னு மட்டும் தெரியும். எனக்கு அது போதும்.”

அடுத்த வாரம் மேனேஜர் பட்டனைத் தட்டினார். கையை எடுக்கும் முன் பதில் வந்து நின்றது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மேடம் மட்டும் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். நம்மிடம் இருப்பதே நூற்றுச் சொச்சம் பேர். அது அதைப் போல இரண்டு மடங்கு காட்டியது.

காரணத்தைத் தேடிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தார். காரணம் பக்கத்திலேயே பெரிய சட்டைக்குள் நின்றுகொண்டிருந்தது. முகேஷ் என்று ஒரு பையன். அவனை நான் ஒரு நாள் முகேசு என்று அடித்திருக்கிறேன், ஒரு நாள் மூகேஷ், ஒரு நாள் முக்கேஷ். ஓர் எழுத்து மாறினாலும் அரைத்து வருகிற எண் தலைகீழாக மாறிவிடுமாம்.

“ஒரே முகேஷ நாலாப் பெத்துட்டீங்களேண்ணே.”

“எனக்கு வந்த கை அவ்ளோதான் மேடம். தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில என் பேரையே நான் தப்பா எழுதிக் குடுத்தவன்.”

பேரை விட்டுவிட்டு போன் நம்பரை அரைக்கிற மாதிரி மாற்றினார். பத்து இலக்கம். அதில் குழப்ப எழுத்து கிடையாது. என் கை எவ்வளவு கோணலாக இருந்தாலும் ஆள் ஒன்றுதான். கேட்டுக்கு மேலே ஒரு பலகையும் வைத்தார்கள். உள்ளே இப்போது எத்தனை பேர் என்று சிவப்பு எழுத்தில் காட்டும்.

அந்தப் பலகை ஏறிய நாளில்தான் அவர் தன் ஊரைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல்.

“எங்க ஊர்ப் பக்கம் பட்டாசுக் கொட்டகைங்க ஜாஸ்திண்ணே. வெடிச்சா, உள்ள எத்தனை பேருன்னு முதலாளிக்கே தெரியாது. ஒருத்தர் ஆறும்பாரு, ஒருத்தர் எட்டும்பாரு. எங்க சித்தி உள்ளதான் இருந்தாங்க. எண்ணிக்கையில அவங்க இல்ல. அன்னிக்கு லீவுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு வளையல வச்சு எங்கம்மாதான் கண்டுபிடிச்சாங்க.”

ஆறிப்போன டீயை வாங்கிக் கொட்டிவிட்டு வேறு டீ வாங்கிக் கொடுத்தேன். அதையும் அவர் குடிக்கவில்லை.

புது ஏற்பாட்டில் ஒரு சிக்கல் வந்தது. சில லேபர்களிடம் போன் இருக்காது. ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து ரயிலில் வந்து இறங்கிய கையோடு வருவார்கள். இரண்டு மூன்று வாரத்தில்தான் போன் வாங்குவார்கள். அதுவரை நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகவே போகாது, எருமை மாதிரி நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மேடம் காதில் ஹெட்போன் மாட்டி அம்பத்தூர் ஆபீஸோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“மேடம், போன் இல்லாதவனுக்கு இன்னா போடறது?”

ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினார். “ஏதாவது ஒரு நம்பர் போடுங்கண்ணே. காலியா மட்டும் விடாதீங்க.” மறுபடி மாட்டிக்கொண்டார்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். என்னுடையது. அதைப் போட்டேன். கேட்டில் நிற்கும் எங்களுக்கு வருகைப் பதிவெல்லாம் நோட்டில்தான், கம்ப்யூட்டரில் நாங்கள் கிடையாது. அதனால் யாரோடும் அது மோதவில்லை. போன் இல்லாதவனும் ஒரு சமயத்தில் ஒருத்தன்தான் இருப்பான். அவன் உள்ளே போனால் கம்ப்யூட்டர் கணக்கில் நான் உள்ளே போனேன். குளிரில் ஒரு நாள்கூட வேலை செய்யாமல் மாதக்கணக்கில் வேலை செய்தவன் நான். இதை ஜோக்காகச் சூப்பர்வைசரிடம் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தேன். மேடத்திடம் சொல்லத் தோன்றவில்லை. அவர்தானே ஏதாவது போடச் சொன்னார்.

அது சித்திரை வெயில். செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி வேனில் ஒரு புது ஆள் வந்தான், எட்டு மணி வேனில் இன்னொரு புது ஆள். ஒரே மலைக் கிராமத்துக்காரர்கள், முந்தின நாள் ரயிலில் வந்தவர்கள். இரண்டு பேரிடமும் போன் இல்லை. முதல் தடவையாக ஒரே நாளில் இரண்டு பேர். பின்னால் வேன் ஹாரன் அடித்தது. இரண்டு பேருக்கும் என் நம்பரையே போட்டு உள்ளே அனுப்பினேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து சற்று நேரத்தில் குளிர் எந்திரத்தின் அமோனியா குழாய் விரிசல் விட்டுவிட்டது. மூக்கில் ஊசியை ஏற்றுவதுபோல ஒரு நாற்றம். சங்கு ஊதியது. எல்லோரும் துண்டையும் சட்டையையும் முகத்தில் அமுக்கிக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஓடி வந்தார்கள். இருமல், வாந்தி, கண்ணீர். சூப்பர்வைசர் ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். முப்பத்தாறு. கேட்டுக்கு மேலே பலகையைப் பார்த்தார். முப்பத்தாறு.

“டேலி ஆயிடுச்சு நைனா! ஒருத்தன்கூட உள்ள இல்ல!”

யாரோ கை தட்டினார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். காலை ஆறு மணிக்கு வந்த புது ஆள். அவன் பேசியது இந்தியும் இல்லை, ஒடியாவும் இல்லை. மலைப் பக்கத்து மொழி ஏதோ. இருமுவான், உள்ளே கையைக் காட்டுவான், மறுபடி இருமுவான்.

“இன்னாடா இவன்? செருப்ப உள்ள உட்டுட்டானா? அப்பால எடுத்துக்கலாம், போய் அந்தாண்ட குந்து,” என்று சூப்பர்வைசர் அவனைத் தள்ளிவிட்டார்.

மேடம் சந்தோஷப்படவில்லை. ஸ்கூட்டர் சீட்டின் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, இங்க பாருங்க. ஒரே ஹேஷ். ஆறு மணிக்கு உள்ள போயிருக்கு. எட்டு மணிக்கு மறுபடி உள்ள போயிருக்கு. நடுவுல வெளிய வரவே இல்ல. ஒரு ஆள் எப்படிண்ணே வெளிய வராம ரெண்டு தடவை உள்ள போவான்?”

ஆறு, எட்டு என்ற இரண்டு சொல்லும் காதில் விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் மாறாது. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

“மிசினு சில நேரம் தப்பா காட்டும் மேடம்.”

வேலை போய்விடும் என்ற பயம். அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

“அது போட்டதத்தாண்ணே அரைக்கும்,” என்று சொல்லிவிட்டு, ஆட்களைக் கொண்டுவந்த கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அவர் ஆவடியில் இருந்தார், எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. நான்கைந்து நிமிடம் போயிருக்கும். அந்த நேரம் முழுக்க நான் அவருக்கு மூன்றடி தள்ளி, இரண்டு கையையும் தொளதொளச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் அரைத்த எண்ணை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் நான் அடித்திருந்த அசல் வரியைத் திறந்தார். பேரில் என் கையை நம்ப முடியாது என்று, அதிலிருந்த போன் நம்பரைத் தன் போனில் போட்டார். அந்த ஆளிடமே கேட்டுவிடலாம் என்று. அவரிடம் என் நம்பர் கிடையாது. எப்போதும் கேட்டில் நிற்பவனை யார் போனில் கூப்பிடுவார்கள்?

என் சட்டைப் பையில் குத்துப்பாட்டு ஒலித்தது.

முகத்தில் துணியை அமுக்கிக்கொண்டு நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். மேடம் என் பையைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். கட் செய்யவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

“எத்தனை பேருக்குண்ணே உங்க நம்பர் போட்டீங்க?”

“இன்னிக்கி ரெண்டு பேரு மேடம்.”

அவர் குரல் அவ்வளவு பெரிது என்று அன்றுதான் தெரிந்தது. “முப்பத்தேழு! முப்பத்தேழு பேரு! உள்ள ஒரு ஆள் இருக்கு!”

பூந்தமல்லியிலிருந்து தீயணைப்பு வண்டி அப்போதுதான் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. முகமூடி மாட்டிக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள். மூன்றாவது அறையில், பட்டாணி மூட்டைகளுக்குப் பின்னால், ஈரச் சாக்கில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தான். தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இருந்தது.

அவன் பேர் சுக்ரா. காலையில் நான்தான் அந்தப் பேரை அடித்திருந்தேன். என்ன எழுத்தில் அடித்தேனோ.

ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்பெனியில் வாங்கிய தாளில் அவனுடைய நம்பராக என் நம்பர் இருந்தது. அதனால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆள் வேணும், கையெழுத்து வேணும் என்றார்கள். போனேன். உறவு என்ன என்று நர்ஸம்மா கேட்டார். நண்பர் என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். தினமும் டூட்டி முடிந்ததும் போய் வராந்தா பெஞ்சில் உட்காருவேன். அதே பெஞ்சின் அந்தக் கோடியில் மேடம் இருப்பார். பதினோராம் நாள் அவன் செத்துப்போனான். அவனோடு ரயிலில் வந்தவன் உடலை ஊருக்குக் கொண்டு போனான். தாள்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவனிடம் கொடுத்தார்கள்.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். மேனேஜர், தலைமை ஆபீஸிலிருந்து வந்த ஒரு கோட்டுக்காரர், மேடம். நான் சுவர் ஓரம்.

“போன் நம்பர ஒரு ஆளா எண்ணுற மாதிரி செஞ்சது நான் சார். போன் இல்லாத ஆளுக்கு அதுல இடமே வைக்கல. ஏதாவது போடுங்கன்னு சொன்னதும் நான்,” என்றார் மேடம்.

கோட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

“மேடம் சொன்னபடிதான் சார் செஞ்சேன்.”

அதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் அதிலிருந்த அசிங்கம். மிஷின் தப்பாகக் காட்டும் என்று நான் சொன்னதை, அந்த நான்கைந்து நிமிடத்தை, மேடம் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அந்த வாரத்தோடு அம்பத்தூர் ஆபீஸில் அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை. கேட்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாம்.

என் மேசையில் விட்டுப்போன ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ள அவர் வந்த அன்று வெளியே பஸ் ஸ்டாப்பு வரை கூடவே போனேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

“ரொம்ப தேங்ஸு மேடம். நீங்க அத சொல்லாம உட்டீங்களே...”

நின்றார். “மன்னிச்சிட்டேன்னு நினைச்சீங்களா? இல்லண்ணே. அதச் சொல்லியிருந்தா எல்லாத்தையும் தூக்கி உங்க தலையில கட்டிருவாங்க. கேட்காரன் தப்புன்னு எழுதி ஃபைல மூடிருவாங்க. என் தப்பு அதுக்குள்ள காணாமப் போயிரும். ரெண்டும் வேற வேறண்ணே. என்னோடத நான் சொல்லிட்டேன். உங்களோடத நீங்கதான் சொல்லணும்.”

“யார்கிட்ட மேடம் சொல்றது?”

“அது எனக்குத் தெரியல,” என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். தன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு வயசானவரின் குரல். ஒரு வார்த்தையும் புரியவில்லை. சுக்ரா என்ற பேர் மட்டும் புரிந்தது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும். நான் எடுப்பேன், அவர் கொஞ்ச நேரம் பேசுவார், நான் “ம்” என்பேன், வைத்துவிடுவார். உலகத்திலேயே வாயாடி என்று பேர் வாங்கிய எனக்கு அந்த “ம்”முக்கு மேல் வரவில்லை. நம்பரையே மாற்றிவிடலாம் என்று பூந்தமல்லியில் ஒரு போன் கடை வரைக்கும் போனேன். கடை வாசலில் நின்று மேடத்துக்குப் போன் செய்தேன்.

“நம்பர மாத்திராதீங்கண்ணே,” என்றார். பிறகு கேட்டார்: “சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல மேடம்.”

“சரிண்ணே.”

அவ்வளவுதான் பேசினார். நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்கப்புறம் பல மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின.

பூந்தமல்லி டிப்போ அருகில் ஒரு டீக்கடை மாஸ்டர் ஒடிசாக்காரர். பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறார், என்னைவிட நன்றாக மெட்ராஸ் பாஷை பேசுவார். அந்த மலைப் பேச்சும் அவருக்கு வரும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். போன் வந்ததும் அவர் கையில் கொடுத்தேன்.

மாஸ்டர் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “அவங்க அப்பாருதான் அண்ணாத்தே. சந்தைக்கு வர சொல்லோ அங்க கீற கடைக்காரன் போன்லருந்து பேசறாராம். ஆஸ்பத்திரி சீட்டுல பிரெண்டுன்னு உன் நம்பர் போட்டுகீதாம். நீ புள்ளையோட பிரெண்டான்னு கேக்கறாரு.”

“இல்லன்னு சொல்லு. நான் கேட்டுல நிக்கறவன்னு சொல்லு.” நிறுத்தினால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்து வேகமாகச் சொன்னேன். “ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் போட்டேன்னு சொல்லு. அதனாலதான் உள்ள ஆளு கீதுன்னு யாருக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சும் நாலஞ்சு நிமிசம் வாய மூடிகினு நின்னேன்னு சொல்லு.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். “இத நான் சொல்ல மாட்டேன். பெரிய மன்சன் தாங்க மாட்டாரு.”

“சொல்லு மாமே. உன் கால்ல உழறேன்.”

அவர் அடுப்பை அணைத்தார். திரும்பி நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. முடித்துவிட்டுப் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் சந்தைச் சத்தம், ஆடு கத்துகிறது, யாரோ எதையோ கூவி விற்கிறார்கள். பிறகு கிழவர் ஏதோ கேட்டார்.

“இன்னா சொல்றாரு?”

மாஸ்டர் போனைக் கையால் மூடிக்கொண்டார். “அடுத்த வாரமும் கூப்புடலாமான்னு கேக்கறாரு.”

அன்று மத்தியானமே மேடத்துக்குப் போன் செய்தேன். இப்போது வேறு ஏதோ கம்பெனி. குரல் அதே மாதிரி, தலையைத் தூக்காமல் பேசுகிற குரல்.

“சொல்ட்டேன் மேடம். அவங்க அப்பாகிட்ட.”

நடந்ததைச் சொன்னேன். கிழவர் கேட்டதையும் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் நின்றது. உள்ளுக்குள் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தேன், பரீட்சையில் முதல் தடவையாகப் பாஸானவன் மாதிரி. சபாஷ் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“அண்ணே, அந்தச் சந்தைக் கடைக்காரர் நம்பர் இருக்கா?”

“கீது மேடம். ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு மேலதான் பெரியவரு அங்க இருப்பாரு. இன்னாத்துக்கு?”

“என்னோடத நான் கம்பெனியிலதாண்ணே சொன்னேன். அவர்ட்ட இன்னும் சொல்லல.”

பேப்பர் எடுக்கிற சத்தம் கேட்டது. நான் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொன்னார். பத்தும் முடிந்த பிறகு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.